ஒரே பைலில் ஐந்து பேர்

சார்ட் பேப்பர் வாங்கி வந்து, ஒரு மாணவர் வீட்டில் கூடி, கையெழுத்து அழகாக உள்ளவர் எழுத, மற்றவர்கள் படம் வெட்டி ஒட்டிய குரூப் ப்ராஜெக்ட் முறை இப்போது பல பள்ளிகளில் மாறிவிட்டது. ஆசிரியர் ஒரு லிங்க் அனுப்புகிறார். அதில் கிளிக் செய்தால் ஒரு பைல் திறக்கிறது. ஐந்து மாணவர்களும் அவரவர் வீட்டில் இருந்தபடியே அந்த ஒரே பைலில் டைப் செய்கிறார்கள். சில வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வருவதே இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் போன் செய்து, "பொண்ணு ராத்திரி பூரா உட்கார்ந்து டைப் பண்ணினா, காலையில பார்த்தா ஒண்ணுமே இல்ல, யாரோ அழிச்சிட்டாங்க, என்ன செய்யறது?" என்று கேட்கிறார்கள். அழிந்ததை மீட்கும் வழியைக் கீழே தந்திருக்கிறேன். அதைவிட முக்கியமான விஷயம், இது போன்ற பைல்களில் யார் எதை எழுதினார், யார் எதை அழித்தார் என்பது எல்லாமே பெயருடன் பதிவாகிறது என்பது. இது தெரியாமல் வேலை செய்வதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். புரோகிராம்களைப் பலர் சேர்ந்து எழுதுவதற்கு, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய கிட் என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறோம். அதில் பிளேம் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், எந்தத் தேதியில் என்று காட்டிவிடும். பிளேம் என்றால் பழி என்று பொருள். பெயர் பயமுறுத்தினாலும், அந்த வரியைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறோம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கூகுள் டாக்ஸிலும், மைக்ரோசாப்ட் வேர்டின் ஆன்லைன் பதிப்பிலும் இதே போன்ற வசதி எளிமையான வடிவில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் கூகுள் டாக்ஸை எடுத்துக்கொள்வோம்.

பைல் எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் அனுப்பிய லிங்க்கில் திறக்கும் பைல் உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. கூகுளின் சர்வரில் இருக்கிறது. ஐந்து பேரும் பார்ப்பது அந்த ஒரே பைலை. நீங்கள் ஒரு பாராவை அழித்தால் அடுத்த விநாடி மற்ற நால்வரின் திரையிலும் அது மறையும். சேவ் செய்ய வேண்டியதில்லை. மாற்றங்கள் தானாகவே சேவ் ஆகும். "சேவ் பண்ணாம மூடிட்டா பழையபடி ஆயிடும்" என்ற வேர்டு பழக்கம் இங்கே உதவாது.

இந்த பைலை யார் என்ன செய்யலாம் என்பது மேலே வலது மூலையில் உள்ள ஷேர் பட்டனில் முடிவாகிறது. வியூவர் என்றால் படிக்க மட்டும். கமென்ட்டர் என்றால் படித்துக் கருத்து எழுதலாம். எடிட்டர் என்றால் எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். குரூப்பில் உள்ள ஐவரும் எடிட்டர்களாக இருக்க வேண்டும். உதவி செய்யும் அண்ணன், அத்தை, டியூஷன் மாஸ்டர் எல்லாம் கமென்ட்டராக இருந்தால் போதும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் உண்டு. ஒவ்வொருவரின் இமெயில் முகவரியையும் டைப் செய்யச் சோம்பல்பட்டு, "எனிஒன் வித் த லிங்க்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எடிட்டர் அனுமதியும் கொடுத்து, லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் அவர் உள்ளே வந்து அழிக்கலாம். கூகுள் அக்கவுன்ட்டில் நுழையாமல் வருபவர்களுக்கு ஏதாவது ஒரு விலங்கின் பெயரை கூகுளே வைத்துவிடும். "அனானிமஸ்" என்ற சொல்லும் ஒரு விலங்கின் பெயரும் கர்சர் அருகே தெரிந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். பெயர் தெரியாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள். அனுமதியை ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றி, ஐந்து முகவரிகளை மட்டும் சேர்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

யார் அழித்தது?

சென்ற ஆண்டு என் அக்கா மகளின் வகுப்பில் ஒன்று நடந்தது. ஐந்து பேர் கொண்ட குரூப். தலைப்பு, ஊரில் உள்ள ஏரிகளின் நிலை. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது பைல் முழுவதும் காலியாகிவிட்டது. குரூப்பில் ஒரு பையன் அதற்கு முந்தைய நாள்தான் மற்றவர்களுடன் வாக்குவாதம் செய்திருந்தான். அவன்தான் அழித்தான் என்று எல்லாரும் முடிவு செய்து, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். ஆசிரியரிடமும் புகார் போகத் தயாராக இருந்தது.

அக்கா மகள் என்னிடம் சொன்னபோது, கம்ப்யூட்டரில் அந்த பைலைத் திறந்து பைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி, அதில் சீ வெர்ஷன் ஹிஸ்டரி கிளிக் செய்யச் சொன்னேன். கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், எச் நான்கையும் சேர்த்து அழுத்தினாலும் இதே திரை வரும். வலது பக்கத்தில் தேதி, நேரம் வாரியாக ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம். இரவு பத்து மணிக்குச் சற்று முன்பான பதிவைக் கிளிக் செய்தபோது, முழு டெக்ஸ்ட்டும் ஒரே நிறத்தில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பெயர் அந்தப் பையனுடையது அல்ல. ஐவரில் யாருடைய பெயரும் அல்ல. ஒரு மாணவியின் அப்பா பெயர்!

நடந்தது இதுதான். அந்த மாணவி, அப்பாவின் போனில் பைலைத் திறந்திருக்கிறாள். லிங்க் வைத்திருக்கும் எல்லாருக்கும் எடிட்டர் அனுமதி இருந்ததால் அது திறந்துவிட்டது. எழுத்தின் அளவை மாற்றுவதற்காக முழுவதையும் செலக்ட் செய்திருக்கிறாள். கைதவறி ஸ்பேஸ் அழுத்திவிட்டாள். திரை வெள்ளையாகிவிட்டதும் நெட் போய்விட்டது என்று நினைத்து போனை வைத்துவிட்டாள். மறுநாள் விஷயம் புரிந்தபோது சொல்லத் துணிவு வரவில்லை. ஏற்கெனவே வேறொருவன் மாட்டியிருந்தான்.

அதே திரையில் முந்தைய பதிவைத் தேர்ந்தெடுத்து ரிஸ்டோர் திஸ் வெர்ஷன் அழுத்தியதும் எல்லாம் திரும்பி வந்தது. பையனை மீண்டும் குரூப்பில் சேர்த்தார்கள். ஆனால் அவன் அதன்பிறகு யாரிடமும் சரியாகப் பேசவில்லையாம். அதை ரிஸ்டோர் செய்ய பட்டன் கிடையாது.

இதில் மூன்று பேரின் பொறுப்பு இருக்கிறது. தவறி அழித்தவர் உடனே குரூப்பில் "என் கை பட்டு அழிந்துவிட்டது" என்று எழுதியிருக்கலாம். அந்த நிமிடமே கண்ட்ரோல், இசட் அழுத்தியிருந்தாலும் சரியாகியிருக்கும். (கண்ட்ரோல், இசட் நீங்கள் செய்த மாற்றத்தை மட்டுமே திருப்பும். மற்றவர் செய்ததைத் திருப்பாது. அதற்கு வெர்ஷன் ஹிஸ்டரிக்குத்தான் போக வேண்டும்.) பைலை உருவாக்கியவர் அனுமதியைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். பழி சொன்னவர்கள் சொல்வதற்கு முன் ஹிஸ்டரியைப் பார்த்திருக்கலாம். எடிட்டர் அனுமதி உள்ள எல்லாராலும் அதைப் பார்க்க முடியும். ஆசிரியரும் எடிட்டராக இருந்தால் அவராலும் பார்க்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் பெயரில் எழுதுங்கள்

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதில் அப்பாவின் அக்கவுன்ட் திறந்தே இருக்கிறது என்பது சகஜம். பிள்ளை எழுதியதெல்லாம் அப்பா பெயரில் பதிவாகும். பங்களிப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைக் கிளிக் செய்து பிள்ளைக்குத் தனி புரொபைல் உருவாக்கிக் கொடுங்கள். பள்ளியே அக்கவுன்ட் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், 13 வயது நிறையாத பிள்ளைகளுக்கு பெற்றோரின் மேற்பார்வையில் பேமிலி லிங்க் வழியாக அக்கவுன்ட் தொடங்கலாம். பிரவுசிங் சென்டரில் வேலை செய்தால் முடித்ததும் சைன் அவுட் செய்ய மறக்கக் கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். நால்வர் தனித்தனியாக வேர்டில் டைப் செய்து ஒருவருக்கு அனுப்ப, அவர் எல்லாவற்றையும் காப்பி செய்து பொது பைலில் பேஸ்ட் செய்கிறார். ஹிஸ்டரியைப் பார்த்தால் முழு ப்ராஜெக்ட்டையும் அவர் ஒருவரே செய்தது போல இருக்கும். மேக் எ காப்பி கொடுத்து தனிப் பிரதி எடுத்து அதில் வேலை செய்தாலும் இதே கதிதான். பழைய பைலின் ஹிஸ்டரி புதிய பிரதியுடன் வராது. நெட் மெதுவாக இருக்கிறது என்று தனியாக டைப் செய்ய நேர்ந்தால், அவரவர் பகுதியை அவரவரே, அவரவர் அக்கவுன்ட்டில் நுழைந்து பேஸ்ட் செய்யுங்கள்.

அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது

எழுத்துப் பிழையைத் திருத்த யாரையும் கேட்க வேண்டாம். ஒரு தகவலே தவறு என்று தோன்றினால், அல்லது பாராவையே மாற்ற வேண்டும் என்றால், நேரடியாக மாற்றாதீர்கள். வலது பக்கம் மேலே பென்சில் படம் இருக்கும். அதைக் கிளிக் செய்து சஜஸ்டிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி நீங்கள் செய்யும் மாற்றம் வேறு நிறத்தில் ஆலோசனையாக நிற்கும். எழுதியவர் டிக் அடித்தால் ஏற்கப்படும், பெருக்கல் குறியைக் கிளிக் செய்தால் நீங்கும். ஏன் மாற்றச் சொல்கிறீர்கள் என்று விளக்க, அந்த வரியை செலக்ட் செய்து கண்ட்ரோல், ஆல்ட், எம் அழுத்தினால் கமென்ட் பெட்டி திறக்கும்.

கமென்ட் எழுதும்போது "இது தப்பு" என்று நிறுத்திக்கொள்வதால் பயனில்லை. "ஏரியின் பரப்பளவு இங்கே ஏக்கரில் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் ஹெக்டேரில் இருக்கிறது, ஒன்றாக மாற்றலாமா" என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்குக்கூட முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க வேண்டியிருப்பது இதைத்தான். புரோகிராம் எழுத வந்துவிடுகிறது. அடுத்தவர் எழுதியதைப் பற்றி எழுத வருவதில்லை.

சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஐவரும் சேர்ந்து உள்ளே இறங்குவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். ஒரே பைலில் 100 பேர் வரை ஒரே நேரத்தில் எழுதலாம் என்று கூகுள் சொல்கிறது. ஆனால் ஒரே பாராவில் இரண்டு பேர் எழுதினாலே தலை சுற்றும்.

புனேயில் நடந்தது

காப்பி அடிப்பது பற்றிப் பேசும்போது நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய வகுப்பறைப் ப்ராஜெக்ட்டைச் சொல்ல வேண்டும். வார்டு கன்னிங்ஹாம் 1995ல் தொடங்கிய விக்கி என்ற முறையில், யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம். (விக்கி என்றால் ஹவாய் மொழியில் விரைவு.) 2001ல் தொடங்கிய விக்கிபீடியா இந்த முறையில்தான் இயங்குகிறது. தமிழ் விக்கிபீடியா 2003ல் தொடங்கியது. வகுப்புக்குக் கட்டுரை எழுதி ஆசிரியர் மேசையில் வைப்பதற்குப் பதிலாக, மாணவர்களை விக்கிபீடியாவிலேயே எழுத வைத்தால் என்ன என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் 2010ல் முயன்று பார்த்தார்கள். அது நன்றாக நடந்ததால் 2011ல் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றிலும் இதைத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆங்கில விக்கிபீடியாவில் எழுதினார்கள்.

சில மாதங்களில் பிரச்சினை வெடித்தது. பல மாணவர்கள் புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அது காப்புரிமை மீறல் என்பதால் விட்டு வைக்க முடியாது. சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் தன்னார்வலர்கள், உலகின் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேடிப் பிடித்து, மூலத்துடன் ஒப்பிட்டு நீக்கினார்கள். எச்சரிக்கைச் செய்திகள் மாணவர்களின் பேச்சுப் பக்கங்களில் வந்து நின்றன. பலர் அவற்றைப் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, ஒரே நாளில் சொந்த வார்த்தையில் எழுது என்றால் எப்படி வரும்? உதவிக்கு இருந்தவர்களில் பலரே விக்கிபீடியாவுக்குப் புதியவர்கள். ஆனால் மூடிய வகுப்பறையில் செய்த தவறு மதிப்பெண்ணோடு போயிருக்கும். பொதுப் பக்கத்தில் செய்ததை முன்பின் தெரியாதவர்கள் மாதக்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஒழுங்காகச் செய்தால் இதே முறை நன்றாகவும் நடக்கும். 2010ல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசும் தமிழ் விக்கிபீடியர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். கேரளத்தில் 2009ல் தொடங்கிய ஸ்கூல் விக்கியில் பள்ளிகளே தங்கள் பக்கங்களை எழுதி வருகின்றன.

உங்கள் பிள்ளைக்கு விக்கிபீடியாவில் எழுதும் வேலை கொடுத்தால், முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையைப் பதிப்பிக்கும்போது என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதும் பெட்டி வரும். அதைக் காலியாக விடாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் செய்தி வந்தால் அன்றே பதில் எழுதுங்கள். உண்மைப் பெயரையோ பள்ளியின் பெயரையோ பயனர் பெயராக வைக்க வேண்டியதில்லை.

வகுப்பு பைலிலும் இதே நியாயம்தான். ஒரு மூலத்தைப் படித்துவிட்டு அதை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபாருங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை அந்த வரிக்கு அருகிலேயே குறித்து வையுங்கள். கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. படங்களை கூகுள் தேடலில் கண்டதை எல்லாம் இழுத்துப் போடாமல் விக்கிமீடியா காமன்ஸில் தேடினால், எந்த நிபந்தனையுடன் பயன்படுத்தலாம் என்பதும் எடுத்தவர் பெயரும் அங்கேயே இருக்கும். படத்தின் கீழே அந்தப் பெயரை எழுதி, அந்த நிபந்தனைகளையும் பின்பற்றுங்கள்.

இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றில் கேட்டு வாங்கி ஒட்டுவதும் சேர்ந்துகொண்டது. பள்ளி அனுமதித்தால் பயன்படுத்தலாம். ஆனால் ஐவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவை இல்லாத புத்தகத்துக்குப் பெயரும் ஆண்டும் சொல்லும். நீங்கள் சரிபார்க்காமல் ஒட்டிய ஒரு பாரா மற்ற நால்வரின் மதிப்பெண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். மூன்று பக்கம் ஒரே நொடியில் வந்து விழுந்ததும் ஹிஸ்டரியில் தெரியும்.

தமிழில் ப்ராஜெக்ட் என்றால்

தமிழில் எழுதும் குரூப்களுக்கு மட்டுமே உரிய ஒரு தலைவலி உண்டு. நால்வர் யூனிகோடில் டைப் செய்ய, ஒருவர் மட்டும் டி.டி.பி. சென்டரில் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்து வாங்கி வருவார். அதை பொது பைலில் பேஸ்ட் செய்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். புரியாத எழுத்து என்று நினைத்து வேறொருவர் அதை அழித்துவிடுவார். தமிழக அரசே 2010ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றி, பிறகு பேஸ்ட் செய்யுங்கள். விண்டோஸ் 11ல் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றிக்கொள்ளலாம்.

சமர்ப்பிக்கும் முன்பும் பிறகும்

எல்லாரும் முடித்த நிலையில் பைல் மெனுவின் வெர்ஷன் ஹிஸ்டரியில் நேம் கரன்ட் வெர்ஷன் என்பதைக் கிளிக் செய்து, "சமர்ப்பித்தது" என்று பெயர் கொடுங்கள். பழைய பதிவுகளை இடத்தை மிச்சப்படுத்த கூகுள் சில சமயம் ஒன்றாக இணைத்துவிடும்; பெயர் கொடுத்தது தனியாக நிற்கும். ஒரு பைலில் இப்படி 40 பெயர்கள் வரை வைக்கலாம்.

பைலை உருவாக்கியவர்தான் அதன் ஓனர். அவர் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் 30 நாட்களில் அது எல்லாருக்கும் போய்விடும். பள்ளி மாறினாலோ, பள்ளி கொடுத்த அக்கவுன்ட் மூடப்பட்டாலோ சிக்கல்தான். எனவே ஓனர், தன் டிரைவில் இடம் போதவில்லை என்று அழிப்பதற்கு முன் மற்ற நால்வரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்றவர்களும் பைல் மெனுவில் டவுன்லோட், அதில் பி.டி.எப். தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு பிரதியைத் தங்கள் கம்ப்யூட்டரில் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.